பிடியரிசிப் பெட்டியில் ஒரு பொத்தான்

விசுவாசத்தில் நான் பெரிய ஆள் என்று ஊரில் முதலில் சொன்னது யார் தெரியுமா? நான்தான். மாதர் ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்ல ஆரம்பித்தேன் என்றால் உபதேசியார் மனைவி இரண்டு தடவை இருமுவார். மூன்றாவது இருமலுக்குத்தான் உட்காருவேன்.

என் சாட்சியெல்லாம் பிடியரிசியைப் பற்றியது. எங்கள் சபையில் உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொரு வீட்டுக்காரியும் சின்னதாக ஒரு ஜெபம் செய்து, கர்த்தருக்கென்று ஒரு பிடியை ஓலைப்பெட்டியில் போட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு பெட்டி கோவிலுக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். பெட்டிகளெல்லாம் ஒரே மாதிரி. எது யார் வீட்டுடையது என்று சொல்ல மாட்டார்கள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஏலம் கேட்பதும் வழக்கமில்லை. கர்த்தருக்குக் கொடுத்ததைக் கிளறிப் பார்ப்பது மரியாதையில்லையாம்.

அந்த மரியாதையை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கடையில் கிடைப்பது ரேஷன் அரிசி மட்டும். எந்தக் கப்பலில் எத்தனை நாள் கிடந்ததோ, கல்லும் வண்டும் சாக்கு வாடையுமாக இருக்கும். எங்கள் வயலில் விளைந்த சம்பா கொஞ்சம் பத்தாயத்தில் கிடந்தது. சம்பா எங்களுக்கு, ரேஷன் கர்த்தருக்கு. அவர் என்ன கஞ்சி வைத்துக் குடிக்கவா போகிறார், மனதைத்தானே பார்க்கிறார் என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன். ஜெபத்தில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. கண்ணை மூடி, மனமுருகி, ஒரு பிடி வண்டரிசியை அள்ளிப் போடுவேன்.

சம்பா தீர்ந்த வாரம் பார்த்து மாமிக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. மரச்சீனிக்கிழங்கு ஆகாது. ரேஷன் கஞ்சியின் வாடை பட்டாலே குமட்டல். ஐந்தே நாளில் கட்டிலோடு ஒட்டிப்போனார். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "நல்ல சம்பாக் கஞ்சி உள்ள போனா எழும்பிருவாவ. இல்லேன்னா நான் சொல்லதுக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்து போனார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என்னை ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷி மாமி.

அக்கம்பக்கத்தில் அரிசி கேட்டு நிற்க என் கௌரவம் விடவில்லை. மறுநாள் மாதக் கடைசி ஞாயிறு. வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "கோவில் ஏலத்துல ஒரு பெட்டி எடுத்துட்டு வாருங்க. எல்லாம் வீட்டு நெல்லு குத்துன அரிசியாத்தான் இருக்கும்."

"ரேஷன் அரிசியா இருந்தா?"

"கர்த்தருக்குக் குடுக்கதுல எவளாவது கள்ளம் காட்டுவாளா?"

சொல்லும்போது என் நாக்கு கூசவே இல்லை. ஊரில் கள்ளி நான் ஒருத்திதான் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கர்த்தர்மேல்கூட அத்தனை நம்பிக்கை வைத்ததில்லை.

எங்கள் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரி தன் பெட்டியோடு சேர்த்துக் கோவிலுக்குக் கொண்டுபோனாள். நான் மாமியின் காலடியில் உட்கார்ந்து, கேட்க ஆளில்லாத ஒரு ஜெபம் செய்தேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். "மூணு பேரு விடாம கேட்டானுவ. நான் விட்டுக்குடுக்கல்ல, கேட்டியா?" என்றார். அரிசியைப் புடைக்கச் சுளவில் தட்டினேன். குப்பென்று சாக்கு வாடை அடித்தது. வண்டுகள் நாலு பக்கமும் ஓடின. நடுவில் அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று கிடந்தது. ஒரு பொத்தானைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று போன வாரம் முழுக்க நான் அவரைத் திட்டித் தீர்த்த அதே பொத்தான்.

அவர் பொத்தானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொத்தானை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கட்டிலிலிருந்து மாமியின் குரல் வந்தது. "வாடை இங்க வரைக்கும் அடிக்கு. பாவம், இதக் குடுத்தவ வீட்டுல என்ன கஷ்டமோ. அவளுக்காவ ஒரு செபம் பண்ணு மக்கா."

முழங்காலில் நின்றேன். கூட்டங்களில் இருமினால்கூட நிற்காத வாய், "ஆண்டவரே, அந்த ஸ்திரீ..." என்றதோடு அடைத்துக்கொண்டது. அழுகைதான் வந்தது.

"அவ நான்தான் மாமி."

மாமி சொன்னார்: "செரி. கூட்டத்துல சாட்சி சொல்லுவேல்லா? பக்கத்து வீட்டுல போய் இதையும் சொல்லு. அவ கிட்ட சம்பா உண்டு. ஒரு நாழி கேட்டு வாங்கிட்டு வா."

ஐயோ, அந்த இருபது அடி தூரம்! என் சாட்சிகளுக்கெல்லாம் முதல் ஆளாக "ஆமென்" சொல்பவள் அவள். அவள் அடுக்களை வாசலில் நின்று, பொத்தான் உட்பட ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள். உள்ளே போய் ஒரு நாழி சம்பா அரிசி கொண்டுவந்து என் முந்தானையில் கொட்டினாள்.

அந்தக் கஞ்சிதான் மாமியை எழுப்பி உட்கார வைத்தது. மறுநாள் முதல் நாங்கள் தின்கிற அரிசியிலிருந்துதான் கர்த்தருக்கும் ஒரு பிடி எடுக்கிறேன். ஜெபமும் சின்னதாகிவிட்டது. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் நான்தான் இருமுகிறேன்.

அன்றைக்கு அரிசியைக் கொட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி உடனே உள்ளே போகவில்லை. தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"எக்கா, எங்க வீட்டுப் பெட்டிய யாரு எடுத்தாவன்னு அண்ணனுக்குத் தெரியுமா?"