மண்ணைச் சாட்சிக்குக் கொண்டுபோன அம்மா

மார்கழி விடியலில் எங்கள் எருக்குழியிலிருந்து ஆவி கிளம்பும். சாணமும் சாம்பலும் கொழிஞ்சித் தழையும் புளித்துக் கிடக்கிற வாடை மூக்கைத் துளைத்தாலும் குளிருக்கு வேறு போக்கிடம் ஏது, நானும் தங்கையும் அதன் ஓரத்தில் கால் புதைத்து நிற்போம். நெருப்பு வைக்காத குப்பை எப்படிச் சுடுகிறது என்று கேட்டால், "கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க உள்ள வேலை பாக்குறாங்கடி, அவங்களுக்கும் கஞ்சி ஊத்தணுமில்ல" என்று சொல்லி, அரிசி கழுவிய தண்ணீரை அம்மா அதன் தலையில் ஊற்றுவாள். வெகுகாலம் கழித்து நூலகப் புத்தகம் ஒன்றில், ஒரு பிடி மண்ணுக்குள் ஊரைவிடப் பெரிய நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கிறது, செத்ததையெல்லாம் பயிருக்குச் சோறாக்குவது அதுதான், அது நின்றால் புல்லும் இல்லை மாடும் இல்லை நாமும் இல்லை என்று படித்தபோது, அட, இது அம்மா கஞ்சி ஊற்றிய கூட்டமல்லவா என்றுதான் எனக்குத் தோன்றியது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு பண்ணையின் நிலத்தை அப்பா வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுதார். களர் உப்புப் பூத்துக் கிடந்த நிலம். "எரு செய்யிறத இனத்தான் செய்யமாட்டான்" என்று அம்மா கூடை கூடையாகச் சுமந்து கொட்டி, அதை நாற்று உடனே வேர்பிடிக்கிற கறுப்பு மண்ணாக்கினாள். குத்தகைக்கு உழுகிறவர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஊரெங்கும் சங்கக் கொடியும் கைகலப்புமாக இருந்த காலம் அது. பண்ணை முந்திக்கொண்டு, "அவங்க கூலிக்கு வந்தவங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டது. பெயர் ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு நாங்கள் வயலில் கால் வைக்க முடியாது.

தாலுகா ஆபீஸ் விசாரணைக்கு அப்பாவும் அம்மாவும் போனார்கள். அம்மா முந்தானையில் இரண்டு முடிச்சாக முடிந்து வந்த மண்ணை அதிகாரியின் மேசைமேல் அவிழ்த்தாள்.

"ஐயா, இது நாங்க பாடுபட்ட மண்ணுங்க. இது வரப்புக்கு அந்தப் பக்கம் பண்ணை தரிசாப் போட்டது. மோந்து பாருங்க, தெரியும்."

பண்ணையின் கணக்குப்பிள்ளை சிரித்தார். "ஏம்மா, மண்ணு சாட்சி சொல்லுமா? கூண்டுல ஏத்திரலாமா?"

"ஏத்துங்க. உங்கள மாதிரி பொய் சொல்லாது."

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டையும் எடுத்து முகர்ந்தார்.

"எங்க அப்பாவும் விவசாயிதாம்மா. இது எரு பாத்த மண்ணு, தெரியுது. யாரு போட்டாங்கன்னு இதுல எழுதியிருக்கா? குத்தகை நெல்லு அளந்ததுக்கு ஒரு ரசீது காட்டுங்க, இப்பவே பேரை ஏத்துறேன்."

எந்தப் பண்ணை எந்தக் காலத்தில் ரசீது கொடுத்தது! அம்மா எங்கள் வயல் மண்ணை மட்டும் வாரி முடிந்துகொண்டாள். பெயர் ஏறவில்லை. கொட்ட வயல் இல்லாத எருக்குழியும் சில வாரத்தில் ஆறிப்போனது.

பின்னாளில் அந்த வயலை இறால் குட்டைக்கு வெட்டி உப்புத் தண்ணீர் விட்டார்கள். நோய் வந்து இறாலும் செத்தது, குட்டையையும் கைவிட்டார்கள். போன மாதம் போய்ப் பார்த்தேன். வெள்ளையாகப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, கோரைகூட முளைக்கவில்லை. பண்ணைக்காரரின் பேரன் என்னை அடையாளம் கண்டு ஓடி வந்தார்.

"அக்கா, குத்தகைக்கு எடுத்துக்குறீங்களா? பேரு போட்டு, பத்திரத்துலயே எழுதித் தர்றேன்."

நல்ல மனதோடுதான் கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது தம்பி என்று சொல்லிவிட்டு நடந்தேன்.