வட்டி வேண்டாம் என்ற பார்ட்னரும் என் விருப்பப்பாடமும்

1. பி.இ. முடித்து இரண்டு வருடம் மென்பொருள் வேலை பார்த்தேன். விட்டேன்.
2. மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்தேன். நோக்கம்: வணிகச் சட்டம்.
3. மாலையில் தி.நகரில் ஒரு வக்கீல் ஆபீஸில் இன்டர்ன்.
4. கடைசி வருடத்துக்கு ஒரு விருப்பப்பாடம். கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்க்கும் சர்வதேச ஆர்பிட்ரேஷனா, வரிச் சட்டமா? முதலாவதை டிக் செய்த படிவத்தைப் பையில் வைத்திருந்தேன்.
5. அன்று மாலை ஒரு பார்ட்னர்ஷிப் பத்திரம் கையெழுத்தாகாமல் நின்றது.

திருவல்லிக்கேணி சலீம் பாய் முதல் போடுகிறார். மயிலாப்பூர் கிருஷ்ணன் கடையை நடத்துகிறார். ஊதுபத்தி, சாம்பிராணி, அத்தர். எங்கள் ஆபீஸ் மாதிரிப் பத்திரத்தில் ‘முதலுக்கு வட்டி’ என்று ஒரு பிரிவு எப்போதும் இருக்கும். வாசித்துக் காட்டியதும் பாய் பேனாவை மூடிவிட்டார்.

“வட்டி வாங்க மாட்டேம்மா. எங்களுக்கு ஆகாது.”

“காகிதத்துல தானே பாய் இருக்கு? வாங்காம விட்டுடுங்கோ” என்றார் கிருஷ்ணன்.

“கையெழுத்து என்னோடதாச்சே நைனா!”

வட்டியை எடுத்துவிட்டு லாபப் பங்கைக் கூட்டலாம் என்றேன்.

“நஷ்டம் வந்தா உமக்கு ஒண்ணும் கிடைக்காதே?” என்று பாயைக் கேட்டார் கிருஷ்ணன்.

“அதுக்குப் பேர்தான் வியாபாரம்.”

இருவரும் சிரித்தார்கள். எங்கள் சீனியர் வக்கீல் மேடம் சிரிக்கவில்லை. “பார்ட்னருக்குக் குடுக்கற வட்டியைச் செலவாக் காட்டலாம், லாபப் பங்கைக் காட்ட முடியாது. ஃபர்முக்கு டாக்ஸ் ஏறும். எவ்வளவுன்னு சொல்லும்மா.”

எனக்குத் தெரியவில்லை.

“ரொம்ப ஏறினா எனக்குக் கட்டாது பாய். கடையை நடத்தறவன் நான்” என்றார் கிருஷ்ணன். சிரிப்பு நின்றது. கையெழுத்துப் போடாமலே இருவரும் கிளம்பினார்கள்.

ஆடிட்டர் கணக்குப் போட்டுத் தர நான்கு நாள் ஆனது. கூடுதல் வரி தாங்கக்கூடியதுதான். அதுவரை கிருஷ்ணன் தினமும் போன் செய்தார்: “பாய் வேற ஆளைப் பார்த்துட்டாரோம்மா?” பார்க்கவில்லை. வட்டிப் பிரிவு இல்லாமல் பத்திரம் கையெழுத்தானது.

நான் அதற்கு முன்பே, அந்த மாலைக்கு மறுநாள் காலையில், டிக்கை வரிச் சட்டத்துக்கு மாற்றிக் கல்லூரியில் கொடுத்துவிட்டேன். “டாக்ஸா? சி.ஏ. ஆகப் போறியா மச்சி?” என்றாள் வகுப்புத் தோழி.

வணிகச் சட்டத்துக்கு என்ன பாடம் எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்து கேட்கும் கேள்விக்கு எது பதில் தருமோ, அதை முதலில் எடுங்கள். பாடத்திட்டத்தில் கம்பீரமாகத் தெரிவது அடுத்து வரட்டும்.

இப்போது அடையாறில் ஒரு சிறிய ஆபீஸில் வேலை. ஆர்பிட்ரேஷன் விஷயம் வந்தால் இன்னமும் பக்கத்து மேஜையைக் கேட்கிறேன். வட்டிப் பிரிவை, கட்சிக்காரரைக் கேட்ட பிறகே எழுதுகிறேன். பாய், கிருஷ்ணன் கடை நடக்கிறது.