பெரிய வியாழனுக்கு என் வலது கால்

பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவி, துடைத்து, முத்தம் கொடுப்பார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்வது. எங்கள் ஊரில் ஆம்பிளைகளைத்தான் உட்கார வைப்பார்கள். டில்லியில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வந்த புதுச் சாமியார் பொம்பிளைகளும் உட்காரலாம் என்றார். அந்த வருசம் என்னைக் கூப்பிட்டார்கள். நானாகப் போய்க் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு நர்சம்மா எங்களை நிறுத்தி விவரம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வேலை, கோவில் காரியமெல்லாம் அவள் பொறுப்பு.

"வலது காலை மட்டும் நீட்டணும். வீட்லயே நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க. வெடிப்பு இருந்தா வேசலின் போடுங்க."

"கழுவிட்டு வந்தா சாமிக்கு அப்புறம் என்ன வேலை?" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி குனிந்து என் காலைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

என் வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். வெளிக் கணுக்கால் எலும்பு எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருக்கும். உள்ளங்காலில் குழிவே கிடையாது, தரையோடு தரை. பெருவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடக்கும். குதிகால் முழுக்க வெடிப்பு.

வாலிபத்தில் கட்டட வேலைக்குப் போனபோது சாரம் சரிந்து விழுந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று மேஸ்திரி என்னை எலும்பு கட்டுகிற ஒரு பயில்வானிடம் போட்டுவிட்டுப் போனான். அவர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். அவிழ்த்தபோதே பாதம் கோணல். எத்தனையோ காலம் கழித்து வலி தாங்காமல் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே படத்தில் விரல் வைத்துக் காட்டினார். கணுக்காலில் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருப்பவை முழங்காலிலிருந்து இறங்கி வருகிற இரண்டு எலும்புகளின் நுனிகளாம். அவை இடுக்கி மாதிரி பாதத்து எலும்பை நடுவில் பிடித்திருக்க வேண்டுமாம். உங்கள் இடுக்கி விரிந்தபடியே ஒட்டிவிட்டது மாஜி என்று இந்தியில் சொன்னார். அந்த விரிந்த இடுக்கியோடுதான் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் மாடி மாடியாக ஏறி வீடு வீடாகச் சமைத்துப் போட்டேன். மேஸ்திரி இன்றைக்கு எதிரே வந்தாலும் சும்மா விடமாட்டேன்.

நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"பாட்டி, உங்களுக்குப் படி ஏறக் கஷ்டமா இருக்கும். வேற யாரையாவது உட்கார வைப்போமா?"

"பீடத்துக்கு ரெண்டு படி. நான் மூணு மாடி ஏறுறவ."

"அதுக்கில்ல. வீடியோ எடுக்கிறாங்க. ஊர்ல எல்லாரும் பாப்பாங்க. சரி, நீங்க மட்டும் இடது காலை நீட்டுங்க. அது நல்லாத்தானே இருக்கு?"

"நீ நர்சுதானே? இந்தக் கால்ல என்ன ஆகியிருக்குன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் பாட்டி. அதனாலதான் சொல்றேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாதவள் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். "அச்சா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. தினமும் குளிக்கிற மாதிரி குளித்தேன். வெடிப்புக்கு ஒன்றும் தடவவில்லை.

பூசையில் நர்சம்மா என்னைக் கடைசி நாற்காலியில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். சாமியார் என்னிடம் வருகிற நேரம் கண்ணாலேயே என் இடது காலைக் காட்டினாள். நான் வலது காலை நீட்டினேன்.

சாமியார் சின்ன வயசுக்காரர். முட்டி போட்டு உட்கார்ந்தவர் பாதத்தைப் பார்த்ததும் கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அப்புறம் இரண்டு விரலால் பெருவிரல் நுனியைப் பிடித்து, நகத்துமேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு, துண்டை ஒற்றினார். மற்றவர்களுக்குக் கொடுத்த முத்தம் எனக்கு இல்லை.

"ஆச்சும்மா, எடுத்துக்கலாம்" என்றார்.

நான் எடுக்கவில்லை. பாட்டுக்காரர்கள் முடித்த பாட்டையே திரும்ப ஆரம்பித்தார்கள். நர்சம்மா தூணோரம் நின்று கையை ஆட்டினாள்.

"குதிகால் இன்னும் நனையல, சாமி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு உள்ளங்கையைக் குதிகாலுக்கு அடியில் கொடுத்துக் காலைத் தூக்கினார். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரெல்லாம் புடைத்த எலும்பின்மேல் விழுந்து வெடிப்புக்குள் இறங்கியது. விரலிடுக்கு விடாமல் துடைத்தார். குனிந்து முத்தம் கொடுத்தார். அதற்குப் பிறகு காலை எடுத்துக்கொண்டேன்.

வெளியே வாசற்படியில் நர்சம்மா வந்து நின்றாள்.

"இடதுன்னு சொல்லியிருந்தேனே பாட்டி, மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

படி இறங்கப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டினாள். நான் பிடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து இறங்கினேன்.