அவையில் பேசாமல் போன பேச்சு

என் வீட்டுக்காரர் நாடாளுமன்றத்தில் பேசுவதை முதலில் எங்கள் சமையலறையில்தான் பேசிப் பார்ப்பார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருப்பேன். அவர் ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே" என்று ஆரம்பிப்பார். நான் செல்போனில் மூன்று நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிடுவேன். அது அடிக்கும்போது மனுஷர் இன்னும் முன்னுரையில்தான் இருப்பார்.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், ஏலம் கூறிப் பழகிய தொண்டை அது. முகையூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், மண்டியில் நின்று, சங்கத்தில் நின்று, கடைசியில் தேர்தலிலும் நின்று ஜெயித்துவிட்டார். குரலுக்குக் குறைவில்லை. சுருக்கமாகச் சொல்லத்தான் வராது. அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் விழுப்புரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவாலேயே அவருடைய பேச்சையும் ரயிலில் உட்கார்ந்து திருத்துவேன்.

எதிர்க்கட்சி எம்.பி.யின் மனைவி என்றால் ஊரில் பெரிய மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை மரக்காணம் பக்கத்துக் கழுவெளி ஏரிக்கு வரும் பறவைகளைப் பற்றிப் பேசினார். தண்ணீர் கெட்டுப்போகிறது, பறவைகளின் வரத்து குறைகிறது என்று நன்றாகத்தான் பேசினார். மறுநாள் விழுப்புரத்தில் நான் ஏறிய ஷேர் ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"போன்ல பாத்தேன் டீச்சர். சாரு கொக்குக்குப் பேசிக்கினு இருந்தாரு. எங்க ஸ்டாண்டுக்கும் ஒருநாள் பேசச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "நெசந்தானம்மா. ரோடு போடறது, வேல குடுக்கறது எல்லாம் ஆளுங்கட்சி கையில. நம்ம கையில கீறது வாய் ஒண்ணுதான். அதையும் மூடிக்கினா எப்படி?" என்றார்.

அந்த வாயை நம்பி எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் மீன்கார அக்கா. மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம். குப்பத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. யாராவது மைக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றால் அக்காவுக்குப் பிடிக்காது. காலையில் பஸ்ஸில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருக்களில் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடையோடு எங்கள் முன் அறைக்கு வருவார். அதுதான் எம்.பி. ஆபீஸ். விரலெல்லாம் செதிள் ஒட்டியிருக்கும். மனுவை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஈரம் படாமல் இடுப்பில் செருகியிருப்பார்.

விஷயம் இதுதான். பக்கத்துக் குப்பத்தில் கடலுக்குள் கருங்கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். அந்தக் குப்பம் தப்பித்தது. தடுக்கப்பட்ட அலை திரும்பி இவர்கள் கரையை அரிக்க ஆரம்பித்தது.

"முன்ன என் வூட்டுக்கு முன்னால ரெண்டு வரிச வூடு இருந்துது தம்பி. வல காய வைக்கற மணலு இருந்துது. இப்ப நான்தான் மொத வூடு. படுத்தா காதுகிட்ட அல அடிக்குது. எங்களுக்கும் கல்லு போடணும். கலெக்டராபீசுல கேட்டா, டெல்லிலேர்ந்து வரணும்ன்றாங்க. நீ டெல்லிக்குத்தான போற? கேளு."

"கேக்கறேங்கா" என்றார் இவர்.

"நீ கேக்கறத நாங்க கண்ணால பாக்கணும்."

"டிவில வரும். பாருங்க" என்று வாக்குக் கொடுத்தது நான். முந்திரிக்கொட்டை.

விதி 377 என்று ஒன்று இருக்கிறது. தொகுதிப் பிரச்சினையை இருநூற்றைம்பது சொல்லுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு நம் பெயர் பட்டியலில் வந்தால் எழுந்து அதைப் படிக்கலாம். இவர் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். "வங்கக் கடலின் தாலாட்டில் வளர்ந்த மக்கள்" என்று முதல் வரி. ரயில் மயிலம் தாண்டுவதற்குள் அந்தத் தாலாட்டை அடித்தேன். வீட்டை விழுங்குகிற கடலுக்கு என்ன தாலாட்டு? சோழர் காலத்தை அடித்தேன். கட்சித் தலைவரைப் புகழ்ந்த இரண்டு வரியையும் அடித்தேன், அதற்கு மட்டும் கொஞ்சம் முனகினார். கடைசியில் கரை, வீடு, உப்பாகிப்போன கிணறு, கல் ஆகிய நாலு மட்டும் மிஞ்சின. படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினேன்.

பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று டெல்லியிலிருந்து போன் செய்தார். உடனே நான் அக்காவுக்குப் போன் போட்டேன். மறுநாள் குப்பத்துப் பெண்கள் யாரும் மீன் விற்கப் போகவில்லை. புயலுக்குத் தங்கக் கட்டிய மண்டபத்தில் டிவியை வைத்துக்கொண்டு காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வேறு எதற்கோ அவையில் ஒரே அமளி. எதிர்க்கட்சிக்காரர்கள் எல்லாரும் நடுவில் இறங்கி, கையில் அட்டையோடு கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார். மண்டித் தொண்டை அல்லவா, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், விதி 377-இன் கீழ் உள்ள விஷயங்களெல்லாம் அவையில் தாக்கல் செய்யப்பட்டதாகக் கருதப்படும் என்று சபாநாயகர் நாற்காலியிலிருந்து சொன்னார்கள். அவை தள்ளிவைக்கப்பட்டது. அவ்வளவுதான். இத்தனை பேச்சு திருத்திய எனக்கு, எழுந்து பேசாமலேயே பேச்சு முடிந்துபோகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாலையில் அவர் கூப்பிட்டார். சாப்பிட்டீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை.

"ஏங்க, அந்தப் பொம்பளைங்க பொழப்ப வுட்டுட்டு ஒக்காந்துக்கினு இருந்தாங்க. நீங்க அட்டையத் தூக்கிக்கினு நிக்கறீங்க!"

"கட்சி எறங்குன்னா எறங்கித்தான் ஆவணும்மா. எழுதிக் குடுத்தது பதிவாயிடும். சபை புக்குல வந்துடும்."

"புக்கு போயி கல்லு போடுமா?"

போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "காலைல ரூம்ல நாலு தடவ படிச்சிப் பாத்தேம்மா. நாலு தடவையும் சரியா மூணு நிமிஷத்துல முடிச்சேன்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது. அந்த அறையில் தன்னந்தனியாக நின்று, சுவரைப் பார்த்து மாண்புமிகு சபாநாயகர் அவர்களே என்று சொல்லியிருப்பார். பக்கத்தில் இருந்திருந்தால் தலையைத் தடவிக் கொடுத்திருப்பேன்.

சனிக்கிழமை அவர் ஊருக்கு வந்ததும் இரண்டு பேரும் குப்பத்துக்குப் போனோம். போன் செய்தே சொல்லிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். எனக்குப் பயம். மீன் விற்கிற பெண்களின் வாயில் விழுந்து எழ யாரால் ஆகும்? இவர்தான் "பாக்கச் சொன்னது நாம. மொகத்தக் காட்டித்தான் ஆவணும்" என்று பிடிவாதமாக வண்டியை எடுத்தார். அந்த வாரம் கடல் கொந்தளிப்பாக இருந்ததால் படகெல்லாம் மேட்டில் கிடந்தது. அக்கா எங்களை மண்டபத்துக்கு அழைத்துப்போனார். அங்கேயே ஒரு மூலையில் அடுப்பு மூட்டி டீ போட்டுக் கொடுத்தார். பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எம்பி, டிவில நல்லாத்தான் கத்துன. இன்னா கத்துனன்னுதான் எங்களுக்கு வெளங்கல" என்று ஒரு பெண் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

இவரும் சிரித்தார். பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கட்சி சொல்லி இறங்கியதையும், அதனால் தன் பேச்சைப் பேச முடியாமல் போனதையும் சொல்லி, "தப்புதான்" என்றார். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது.

அக்காதான் பேசினார். "அந்தக் காகிதம் கையில கீதா?"

சட்டைப்பையில் இருந்தது.

"அங்க படிக்காதத இங்க படி. நீ இன்னா எழுதிக்கினு போனன்னு நாங்களும் கேக்கறோம்."

அவர் எழுந்து நின்றார். பழக்கதோஷத்தில் "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே" என்று ஆரம்பிக்க, மறுபடியும் ஒரு சிரிப்பு. "அக்காதான் சபாநாயகரு, நீ சொல்லு" என்றது ஒரு குரல். அவர் படித்தார். அதே ஏலக் குரல்தான். ஆனால் அவ்வளவு தணிந்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

"இதுவரை ஏழு வீடுகள் கடலுக்குள் போய்விட்டன" என்று படித்தபோது, "எட்டு" என்றார் அக்கா.

சத்தமாகச் சொல்லவில்லை. தப்பாக எழுதிய பிள்ளைக்கு நான் வகுப்பில் சொல்வேனே, அப்படிச் சொன்னார். அப்போதுதான் நான் மண்டபத்தின் மூலையைச் சரியாகப் பார்த்தேன். டீ போட்ட அடுப்புக்குப் பின்னால் பாத்திரங்கள், மடித்த பாய், பீரோவின் ஒற்றைக் கதவு, அக்காவின் அந்த அன்னக்கூடை. வந்தவர்களை ஏன் வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"எப்பங்கா?" என்றேன்.

"செவ்வாக்கெழம. நாங்க டிவி பாத்தமே, அதுக்கு மறுநாளு."

இவர் காகிதத்தை இறக்கிவிட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பையைத் துழாவி அந்தச் சிவப்புப் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமல் நின்றார்.

"இன்னா தம்பி நின்னுட்ட? எட்டுன்னு எழுதிக்கினு மேல படி" என்றார் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முழங்காலில் கையை வைத்து, "ஒம்போதாவது வூட்டுக்காரி இவதான். இவ கேக்கணும்" என்றார்.