வெள்ளோட்டம் என்று எழுதியது

எங்கள் அலுவலகத்தில் பயனர்களை எச்சரிப்பது சஃபியாவின் வேலை. கோயமுத்தூர் கோட்டைமேட்டிலிருந்து தினமும் பல்லடத்துக்குப் பஸ்ஸில் வருகிறவள். கோழிக் கொட்டகையின் சூட்டைப் பார்த்து விசிறிகளைத் தானாக ஓட்டும் செயலிதான் நாங்கள் செய்வது. பண்ணைக்காரர்கள் என்னிடம் பேசினால் குழம்புவார்கள், அவளிடம் பேசினால் தெளிவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

சித்திரையில் புதுப் பதிப்பு ஒன்றைச் சோதனைக்கு விட்டோம். அதில் ஒரு கோளாறு இருப்பது தெரியும்: கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடினால் விசிறிகள் சில நேரம் திரும்பச் சுற்றாது. காலிக் கொட்டகையில் மட்டும் போட்டுப் பார்க்க வேண்டியது. இந்த முறை மட்டும் எச்சரிக்கையை எழுதியவன் நான். நல்ல தமிழில் இருக்கட்டும் என்று ‘இது வெள்ளோட்டப் பதிப்பு, கவனம்’ என்று போட்டேன். இந்த ஊரில் தேர் வெள்ளோட்டம் என்றால் வடம் பிடிக்கக் கூட்டம் கூடுமே, யார் ஒதுங்கி நிற்பார்கள் என்று கேட்டாள் சஃபியா. நான் சிரித்துவிட்டேன்.

நாலாம் நாள் நண்பகலில் பாலுசாமி என்ற பண்ணைக்காரர் நன்றி சொல்ல சஃபியாவைப் போனில் அழைத்தார்; ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாயிரம் கோழி இருக்கும் கொட்டகையில், நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, வெள்ளோட்டத்தை ஆரம்பித்துவிட்டாராம். கரண்டு இப்போதுதான் போனது, ஜெனரேட்டர் ஓடுகிறது என்றும் சொன்னார். அந்த வெயிலில் விசிறி நின்றால் கோழிகள் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

சஃபியா குரலை உயர்த்தவில்லை. “அண்ணா, விசிறி சுத்துதுங்களா? போனை வெக்காம போய்ப் பாருங்க.”

சுற்றவில்லை.

“செல்லுல ஒண்ணும் அமுக்காதீங்க. செவுத்துல இருக்கற சுவிட்சைக் கையில போடுங்க, ஒவ்வொண்ணா. நான் லைன்லயே இருக்கறனுங்க.”

எட்டு விசிறிகளின் இரைச்சலும் போனில் கேட்கும்வரை அவள் விடவில்லை. பதினேழு கோழிகள் போயின. மற்றவை பிழைத்தன. “நல்ல காரியம்னு நெனச்சுப்போட்டனுங்க அம்மணி” என்றார் பாலுசாமி. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு என் தமிழில் இருந்தது.

சஃபியா என் மேசைக்கு வந்து, கணினியைத் தன் பக்கம் திருப்பி, என் வரியை அழித்தாள். ‘சோதித்து முடிக்காதது. கோழி இருக்கும் கொட்டகையில் போட்டால் கோழி சாகும்’ என்று எழுதினாள். யாரிடம் பேசினாலும் ‘ங்க’ சேர்க்கிறவள், அதில் ஒரு ‘ங்க’கூட வைக்கவில்லை. முதலாளி படித்துவிட்டு, இப்படிச் சொன்னால் பயந்துவிடுவார்களே என்றார்.

“பயப்படோணும்னுதானுங்க எழுதுனேன்” என்றாள்.