இரண்டாம் அளவு

அவளை நாங்கள் எல்லோரும் மில்லி என்றே கூப்பிட்டோம். நான் நர்ஸாக இருந்த மருத்துவமனையின் பல் சீரமைப்புப் பிரிவில், பிள்ளைகளின் பல்வரிசையைப் பிளாஸ்டரில் வார்த்து அச்சு எடுப்பார்கள். ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் காலிப்பரால் அளந்து மில்லிமீட்டரில் எழுதுவது அவள் வேலை. கூட்டுத்தொகை தாடையில் இருக்கும் இடத்தை மிகவும் மீறினால், நல்ல பல்லையே பிடுங்கிவிடுவார்கள். அதனால் அளக்கும்போது பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது.

பெரிய டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கினார். நாற்பது அச்சுகளை மில்லியும், அவளே சிபாரிசு செய்து வேலையில் சேர்த்த நாத்தனாரும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி அளக்க வேண்டும். யாருடைய இரண்டு தாள்களும் ஒத்துப்போகின்றனவோ, இனி அளவு மேசை அவருக்கே.

மில்லிக்குச் சில பற்களில் தசமத்தில் ஒன்றிரண்டு புள்ளி கூடக்குறைய வந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு தடவை ரத்த அழுத்தம் பார்த்தாலே மாறும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாத்தனாரின் தாள்கள் மட்டும் ஒரு புள்ளி பிசகவில்லை.

"உங்களுக்குத்தான் கை தடுமாறுது," என்றார் டாக்டர்.

"நான் ரெண்டாவது தடவ அளந்து முடிச்சு அச்சுப் பெட்டிக்கு ஒட்டின நாடா அப்படியே இருக்கு டாக்டர். அவ திறக்கவே இல்ல. பழைய தாளப் பாத்து எழுதியிருக்கா."

"வீட்டுச் சண்டைய இங்க கொண்டு வராதீங்கம்மா."

மறுநாள் முதல் மில்லிக்குப் பிளாஸ்டர் கரைக்கும் வேலை.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நெருக்கியடித்து முளைத்த பற்களுக்கிடையே காலிப்பர் முனையை நுழைக்கத் தெரியாமல் நாத்தனார் ஓர் அச்சைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, இத மட்டும் பாத்துக் குடுங்களேன்."

"நீதான் புள்ளி பிசகாத மகராசியாச்சே. கண்ண மூடிக்கிட்டு எழுது."

"நாளைக்கு முடிவு பண்றாங்க அண்ணி. கூட எழுதிட்டா புடுங்கிடுவாங்க."

மில்லி கையைக் கழுவிக்கொண்டு அளந்து கொடுத்தாள். அடுத்த நாள் மூன்று அச்சு வந்தது. பிறகு எல்லாமே வந்தன. மதிய இடைவேளையில், கதவைச் சாத்திக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து அளப்பாள். கையெழுத்து நாத்தனாருடையது.

"உனக்கு மூளை இருக்கா?" என்று திட்டினேன்.

"பல்லு அவளோடதா இருந்தா விட்டிருப்பேன்க்கா."

ஏழு வருடம் இப்படியே ஓடியது. நாத்தனாருக்குப் பதவி உயர்வும் வந்தது. மில்லி ஓய்வு பெற்ற மறு வாரமே நாத்தனார் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். நம்பகமான கை போகிறதே என்று பெரிய டாக்டர் ரொம்பவும் வருத்தப்பட்டார்.