ஏழாம் எண்ணும் ஸ்டாண்டு பேனும்

"பங்கேற்பாளர் எண் 7. பெண், வயது 46. தானியங்கி இயந்திரங்களின்பால் இயல்பான ஈர்ப்பு உடையவர். இயந்திரக் கையின் மீது மிக உயர்ந்த நம்பிக்கை கொண்டவர். ஓய்வு நேரத்தையும் அதன் அருகிலேயே கழிக்க விரும்புபவர்."

பல்கலைக்கழகத்தின் இடைக்கால அறிக்கை இப்படி வர்ணிப்பது குஞ்சம்மாளை. கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலை. அங்கே மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவுகிறவர். வீட்டில் மிக்சியைக்கூட மருமகளைத்தான் போடச் சொல்வார். அது உறுமுகிறதாம்.

கரியாலூர்ப் பக்கமிருந்து லாரியில் வரும் கிழங்கில் அழுகலைக் கேமராவால் கண்டுபிடித்துப் பொறுக்கி எறிய, ஓர் இயந்திரக் கையைப் பழக்கிக்கொண்டிருந்தது பல்கலைக்கழகம். தொழிலாளர்கள் அதோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்து எழுத, சந்தியா என்ற ஆய்வு மாணவியும் வந்திருந்தார். மற்ற பெண்கள் கையைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள். குஞ்சம்மாள் மட்டும் டீ டம்ளரோடு போய், தரையில் போட்டிருந்த மஞ்சள் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றுகொள்வார். சந்தியாவுக்குப் புல்லரித்தது.

கொட்டகைக்குத் தகரக் கூரை. போன சித்திரையில் பச்சையம்மாள் கத்தியும் கையுமாக மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து குஞ்சம்மாள் முதலாளி வெங்கடேசனிடம் ஒரு பேன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேன் போட்டா கெழங்கு காஞ்சிடும்மா" என்பார் முதலாளி.

கட்டுப்பாட்டுப் பெட்டி சூடானால் இயந்திரம் நின்றுவிடும் என்று ஆய்வை நடத்தும் பேராசிரியர் போனில் ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளே ஆளுயர ஸ்டாண்டு பேன் வந்தது. கிழங்கு காயவில்லை.

"இன்னா யக்கா, புது மாப்ள பக்கத்துலயே நின்னுக்கினு கீற?" என்று சீண்டினார் பச்சையம்மாள்.

"மாப்ளயாவது மண்ணாங்கட்டியாவது. காத்து வருது, வாடி."

"அது கைய ஓங்குதே!"

"மேஸ்திரி ஓங்காத கையா?"

பச்சையம்மாள் வரவில்லை. வந்தாலும் இரண்டு பேருக்கு அங்கே காற்றில்லை.

ஒருநாள் ஒயர் இழுப்பதற்காகப் பேனை இயந்திரத்தின் மறுபக்கத்துக்கு நகர்த்தினார்கள். ஏழாம் எண்ணின் நம்பிக்கையும் டம்ளரோடு மறுபக்கம் நகர்ந்தது. சந்தியா அதை வெகுநேரம் பார்த்தார். காரணத்தைக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அறிக்கையோ போய்ச் சேர்ந்துவிட்டது.

பேராசிரியர் நேரில் பார்வையிட வந்தார்.

"நம்ம லேபருக்கு மெஷின்னா உசுருங்க சார்" என்றார் முதலாளி.

பேராசிரியர் குஞ்சம்மாள் பக்கம் திரும்பினார். "இதே மாதிரி இன்னும் ரெண்டு வரப்போகுது. பயமா இல்லீங்களாம்மா?"

"பயம் இன்னாத்துக்குங்க? அதுங்களும் பேனோடதான வரும்?"

"பேனா?"

"ஆமாங்க. இப்ப ஒருத்திக்குத்தான் காத்து கீது. இன்னும் ரெண்டு வந்தா பச்சையம்மாளும் வந்து நிப்பா. போன வருசம் மயங்கி உழுந்துட்டா அவ."

பேராசிரியர் சந்தியாவைப் பார்த்தார். சந்தியா முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். அங்கே தகரம்தான் இருந்தது.

"அப்போ நாங்க இவ்வளவு நாளா அளந்தது மெஷினையா வெயிலையான்னே தெரியலீங்களே" என்றார் பேராசிரியர், கொஞ்சம் சிரித்தபடி. "முதல்ல கொட்டகை முழுக்க பேன் போடுங்க. ட்ரையல் அதுக்கப்புறம்தான்."

அந்த வாரமே தோல் சீவுகிறவர்களின் தலைக்கு மேல் பேன்கள் சுழன்றன. ஆலைக் கணக்கில் அவை ஆய்வுக் கருவிகள். கிழங்கு காயும் என்ற பேச்சை முதலாளி அதன்பின் எடுக்கவில்லை.

குஞ்சம்மாள் இப்போது இயந்திரத்தின் பக்கமே போவதில்லை. அறிக்கைக்குத் திருத்தம் அனுப்பிவிட்டதாகச் சந்தியா சொல்கிறார். அச்சில் இன்னும் வரவில்லை.

குஞ்சம்மாள் செய்தது இவ்வளவுதான்: வெயிலில் காற்று வந்த இடத்தில் போய் நின்றார், கேட்டபோது அதைச் சொன்னார்.